தூண்டில் போடப் போக எந்த வண்டியை நம்பி வாங்கலாம்?

கேள்வி: சென்னையில் இருக்கிறேன். மாதம் மூன்று நான்கு முறை நண்பர்களோடு தூண்டில் போடப் போவேன். முட்டுக்காடு, கோவளம், பழவேற்காடு, எப்போதாவது அணைப்பக்கம். ஐந்து லட்சத்துக்குள் நம்பகமான வண்டி எது? பழைய வண்டியானாலும் சரி. ஃபோர் வீல் டிரைவ் கட்டாயம் வேண்டுமா?

பதில்:

ஃபோர் வீல் டிரைவ் வேண்டாம். துருப்பிடிக்காத பழைய மாருதி ஈகோ ஒன்று பாருங்கள். உங்கள் பட்ஜெட்டில் அதுதான் சரி. அதைவிடக் குறைவாகச் செலவு செய்ய நினைத்தால் ஆம்னி. தனியாகப் போகிற நாளுக்கு ஒரு டி.வி.எஸ். எக்ஸ்.எல். இருந்தால் போதும். இதைச் சொல்வதற்கு முன்னால் ஒரு செடானை வைத்துக்கொண்டு நாலு வருஷம் பட்டிருக்கிறேன். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஆபீஸ் போகிற வண்டியிலேயே தூண்டிலுக்கும் போய்வந்தேன். ஒரு சனிக்கிழமை இரைக்கு அரைக் கிலோ இறால் வாங்கி, கேரி பேக்கில் ஐஸோடு போட்டு முன்சீட்டுக்குப் பின்னால் வைத்தேன். பையில் ஊசிமுனை அளவுக்கு ஒரு ஓட்டை. ஐஸ் உருகிய தண்ணீர் கார்பெட் வழியாக அடியில் இருக்கும் பஞ்சுக்குள் இறங்கியிருக்கிறது. ஞாயிறு முழுக்க வண்டி வெயிலில் நின்றது. திங்கட்கிழமை காலையில் கதவைத் திறந்தவன் அப்படியே இரண்டடி பின்னால் வந்துவிட்டேன். ஷாம்பு, எலுமிச்சை, காப்பித்தூள், கரி மூட்டை என்று ஊரில் சொன்ன எல்லா வைத்தியமும் செய்து பார்த்தேன். ஏ.சி. போட்டால் இன்னும் மோசம். கடைசியில் சீட்டைக் கழற்றி, கார்பெட்டை உரித்து, பஞ்சை வெட்டி எடுத்தபிறகுதான் அடங்கியது. வீட்டில் இரண்டு மாதம் அந்த வண்டியில் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள். குற்றம் சொல்ல முடியாது.

அதனால் தரையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஈகோவிலும் ஆம்னியிலும் பின்பக்கம் மேட்டை உருவிவிட்டால் வெறும் தகடு. ஈரத்துணி போட்டுத் துடைத்தால் முடிந்தது. அதற்காக ஹோஸ் பைப்பை உள்ளே விட்டுவிடாதீர்கள். தகடுகள் சேருகிற இடுக்கில் தண்ணீர் தங்கினால் அங்கிருந்தே துரு ஆரம்பிக்கும்.

இரண்டாவது, ராடின், அதாவது தூண்டில் கம்பின் நீளம். ஏழடி ஒற்றைத்துண்டு ராடைச் செடானுக்குள் வைக்க ஒரே வழி, இரண்டு முன்சீட்டுக்கும் நடுவே விட்டு நுனியை ஜன்னல் பக்கம் சாய்ப்பது. அப்படித்தான் போய்க்கொண்டிருந்தோம். மழை தூறியது. நண்பர் கண்ணாடி ஏற்றும் பட்டனை அழுத்தினார். ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம்தான். நுனியில் நாலு விரற்கடை போயிற்று, வளையத்தோடு. அன்றைக்கு முழுக்க அவர் என்னிடம் பேசவே கூச்சப்பட்டார். வேனில் இந்தத் தொல்லை இல்லை. கைப்பிடியிலிருந்து கைப்பிடிக்கு இரண்டு எலாஸ்டிக் கயிறு கட்டி, ராடுகளைக் கூரையோடு ஒட்டித் தொங்கவிட்டால் யார் தலையிலும் படாது. கரையில் நின்று தூர வீசுகிற பன்னிரண்டு அடி சர்ஃப் ராடு பெரும்பாலும் துண்டுகளாகத்தான் வரும். அதுவும் அங்கேயே அடங்கிவிடும்.

மூன்றாவதுதான் நீங்கள் கேட்ட நம்பகம். நம்பகமான வண்டி என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். எனக்கு அது நின்றுபோன இடத்திலேயே சரிசெய்யக்கூடிய வண்டி. பழவேற்காட்டிலிருந்து திரும்பும்போது பொன்னேரிக்குக் கொஞ்சம் முன்னால் என் ஆம்னியின் ஆக்சிலரேட்டர் கேபிள் அறுந்தது. காலை ஒன்பது மணி. ஐஸ் பெட்டியில் இரண்டு கொடுவா. தள்ளிக்கொண்டே போனால் ஒரு ஒர்க்‌ஷாப். ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தார்கள். உள்ளே இருந்த பையன் எழுந்து வராமலே கேட்டான்: “ஆம்னியா? கேபிள் இருக்கு சார், டீ குடிச்சிட்டு வாங்க.” டீயும் பஜ்ஜியும் முடிவதற்குள் வண்டி தயார். அதே செடானில் ஒருமுறை ஏதோ சென்சார் போய், “லேப்டாப் சொருகிப் பார்த்தாதான் தெரியும்” என்று சொல்லிவிட்டார்கள். லேப்டாப் இருந்த இடம் முப்பது கிலோமீட்டர் தள்ளி.

இந்த இரண்டு வேனிலும் இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. கொட்டுகிற மழையில் வெளியே இறங்காமல் சீட்டைத் தூக்கிப் பார்த்துவிடலாம். மே மாதத்தில் உட்காருகிற இடம் சுடும். மார்கழி விடியற்காலையில் அதுவே சுகம்.

ஆம்னியின் குறையையும் சொல்லிவிடுகிறேன். முன்பக்கம் ஒன்றுமே கிடையாது. கண்ணாடி, தகடு, அப்புறம் உங்கள் முழங்கால். புதிய பாதுகாப்பு விதிகளுக்கு ஈடுகொடுக்க முடியாமல்தான் 2019-இல் அதைத் தயாரிப்பதை நிறுத்தினார்கள். ராத்திரி முழுக்க விழித்துவிட்டு ஈ.சி.ஆர். என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் தூக்கக் கலக்கத்தோடு ஓட்டுகிறவர்கள் நாம். அதனால் குடும்பமும் அதே வண்டியில் போகுமென்றால் ஈகோ; அதிலும் ஏர்பேக் உள்ள பிந்தைய மாடல் கிடைக்கிறதா பாருங்கள். இன்ஜினும் 1.2 லிட்டர், ஆம்னியின் 796 சி.சி.யோடு ஒப்பிட்டால் நாலு பேரும் பெட்டியும் ஏறியபிறகு வித்தியாசம் நன்றாகத் தெரியும். சி.என்.ஜி. மாடல் வேண்டாம். சிலிண்டர் வந்து நம் பெட்டி வைக்கிற இடத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

(இன்னொரு குறை, தமிழ் சினிமா. ஆள் கடத்துகிற காட்சி என்றாலே ஆம்னிதான் வந்து நிற்கும். ராத்திரி மூன்று மணிக்கு செக்போஸ்ட்டில் நாலு ஆண்கள் ஆம்னியில் போனால் நிறுத்தாமல் விடமாட்டார்கள். “பெட்டியில என்ன?” என்று டார்ச் அடித்த போலீஸ்காரர், ஏர் பம்ப் குமிழிவிட உயிரோடு நீந்திய இறாலைப் பார்த்துவிட்டு, எங்கே என்ன மீன் படுகிறது என்று கால்மணி நேரம் விசாரித்தார். அந்த ஏர் பம்பை வண்டி பேட்டரியில் மாட்டி இரவெல்லாம் ஓடவிடாதீர்கள். காலையில் தள்ளத்தான் வேண்டிவரும். செல் போட்ட பம்ப் போதும்.)

இப்போது ஃபோர் வீல் டிரைவ். தனுஷ்கோடிப் பக்கம் ஒரு காலத்தில் அது இல்லாமல் முடியாது. மணலிலும் தண்ணீரிலும் உருண்டு போகிற வேன்களில்தான் ஏறிப் போக வேண்டும். 2017-இல் அரிச்சல்முனை வரை தார் ரோடு வந்தபிறகு எந்தக் காரும் போகிறது. நீங்கள் சொன்ன இடங்களிலும் தண்ணீருக்கு அருகில் வரை ரோடு இருக்கிறது. மிச்சத்தை நடந்துவிடலாம்.

நண்பர் ஒருவர் ஃபோர் வீல் டிரைவ் ஜீப் வாங்கிய புதிதில், நடக்க மாட்டேன் என்று கடற்கரை மணலில் இறக்கினார். டயரில் காற்று முப்பது பி.எஸ்.ஐ. அப்படியே இருந்தது. மணலில் ஓட்டுவதானால் பதினெட்டு இருபதுக்கு இறக்க வேண்டும், திரும்ப அடிக்கப் பம்பும் கையில் வேண்டும். இரண்டும் இல்லை. அவர் ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க வண்டி தனக்குத்தானே குழி தோண்டிக்கொண்டது. அலை ஏறி வருகிறது. கடைசியில் படகு இழுக்கிற டிராக்டரைக் கொண்டுவந்து கட்டி இழுத்தார்கள் மீனவர்கள். “ஏன் சார், கடலுக்குள்ளயே ஓட்டிட்டுப் போய் மீன் பிடிக்கலாம்னு பார்த்தீங்களா?” என்று கேட்ட பெரியவரிடம் எங்களுக்குப் பதில் இல்லை.

மணலில் ஓட்டக் கூடாது என்று சொல்ல அதைவிடப் பெரிய காரணம் பங்குனி ஆமை. ஜனவரியிலிருந்து மார்ச் வரை சென்னைக் கரையில் அது ஏறி முட்டையிடும். குழியை மூடிவிட்டுப் போய்விடுவதால் மேலே பார்த்தால் வெறும் மணல்தான் தெரியும். அந்த மாதங்களில் டயர் அங்கே போகவே வேண்டாம்.

ஃபோர் வீல் டிரைவ் ஆசை விடவில்லை என்றால் மாருதி ஜிம்னி நல்ல வண்டி, ஆனால் 2023-இல்தான் இங்கே வந்தது. ஐந்து லட்சத்தில் பேச முடியாது. மாருதியின் பழைய ஜீப்பான ஜிப்ஸியை வைத்திருப்பவர்கள் அதற்குச் சொல்கிற விலை வண்டிக்கா, பாசத்துக்கா என்று எனக்கு விளங்கியதில்லை. அணை, மலைப்பாதை என்றே அதிகம் சுற்றுவீர்களானால் பழைய பொலேரோ பார்க்கலாம்.

பழைய வண்டி பார்க்கும்போது கிலோமீட்டரை விடுங்கள், துருவைப் பாருங்கள். கடற்கரைக்குப் போகிற வண்டியைத் தின்பது உப்புக்காற்று. கையில் ஒரு ஃபிரிட்ஜ் காந்தமும் ஸ்குரூ டிரைவரும் போதும். கதவுக்குக் கீழே ஓடுகிற பட்டை, சக்கர வளைவு, தள்ளுகதவு ஓடுகிற தண்டவாளம், டிரைவர் கால் வைக்கிற தரை. காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஸ்குரூ டிரைவரின் பிடியால் தட்டினால் நல்ல தகடு ‘டங்’ என்னும். அரித்த தகடு ‘தொப்’ என்னும். நான் பார்த்த ஒரு ஆம்னியில் தட்டிய இடம் அப்பளம் மாதிரி உள்ளே போய்விட்டது. விற்பவர் முகத்தை நான் பார்க்கவில்லை, அவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அடியில் புதிதாகக் கறுப்புப் பெயின்ட் பளபளத்தால் சந்தேகப்படுங்கள். பிரேக் ஆயில் போகிற இரும்புக் குழாயை மெக்கானிக்கை விட்டுத் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். உப்பு அதைத் தின்றால் ரோட்டில்தான் தெரியவரும். ஆர்.சி. எப்போது முடிகிறது என்பதும் விலையில் சேர்த்தி. பதினைந்து வருஷம் தாண்டினால் எஃப்.சி. எடுத்துப் புதுப்பிக்க வேண்டும், கிரீன் டாக்ஸும் கட்ட வேண்டும்.

வாங்கியபிறகு, ஒவ்வொரு முறை திரும்பி வந்ததும் அடிப்பக்கத்துக்கு நல்ல தண்ணீர் அடித்துவிடுங்கள். எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் மீனைக் கழுவுவதற்கு முன்னால் அது. அப்புறம், வாரக்கணக்கில் நிறுத்துவதானால் ஹேண்ட் பிரேக் போட்டு விடாதீர்கள். ஈரமும் உப்பும் சேர்ந்து பின்சக்கர டிரம்மில் பிரேக் ஷூ ஒட்டிக்கொள்ளும். கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் கொடுங்கள்.

எக்ஸ்.எல். பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விடியற்காலையில் காசிமேட்டில் போய் நின்றால் தெரியும், மீன் வியாபாரிகள் எதை நம்புகிறார்கள் என்று. காலுக்கு முன்னால் இருக்கிற இடத்தில் ஐஸ் பெட்டி உட்காரும். பிளம்பர் கடையில் இரண்டு இன்ச் பி.வி.சி. பைப் வாங்கி இரண்டு பக்கமும் மூடி போட்டுப் பக்கவாட்டில் கட்டினால், அதுதான் ராடு உறை. ஏரிக்கரை வரப்பில் கார் நிற்கிற இடத்தைத் தாண்டி ஒரு கிலோமீட்டர் இது போகும். மாட்டிக்கொண்டால் இறங்கித் தூக்கி வைத்துவிடலாம்.

வண்டி பார்க்கப் போகிற அன்றைக்கு உங்களிடம் இருப்பதிலேயே நீளமான ராடை எடுத்துக்கொண்டு போங்கள். டெஸ்ட் டிரைவுக்கு முன்னால் அதை உள்ளே வைத்து எல்லாக் கதவையும் கண்ணாடியையும் ஒருமுறை மூடிப் பாருங்கள். நான் அப்படிச் செய்தபோது விற்றவர், “சார், வண்டி வாங்க வந்தீங்களா, ஒட்டடை அடிக்க வந்தீங்களா?” என்றார். ராடு உள்ளே போயிற்று. ஐயாயிரம் குறைத்துக் கேட்டேன், மூவாயிரம் குறைத்துப் படிந்தது.