மத அடிப்படைவாதம் என்றால் என்ன? ஆழ்ந்த பக்தியும் அதுவும் ஒன்றா?

இல்லை, இரண்டும் வேறு. ஒருவர் தினமும் கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ பள்ளிவாசலுக்கோ போகலாம், நோன்பிருக்கலாம், அது பக்தி. என் மதநூலில் ஓர் எழுத்துகூடப் பிசகாது, அதற்கு நான் சொல்வதுதான் பொருள், பள்ளிக்கூடமும் சட்டமும் அதன்படியே நடக்க வேண்டும் என்று நிற்பதுதான் அடிப்படைவாதம். எனக்குக் கவலை தருவது அந்தக் கடைசிப் பகுதிதான்.

இதைப் பழங்காலத்துச் சங்கதி என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இது நவீன காலத்துக்கு எதிராகக் கிளம்பிய ஒன்று. பரிணாமக் கொள்கையும், பைபிளை வரலாற்று ஆவணமாக ஆராயும் போக்கும் பரவியபோது அமெரிக்கப் புராட்டஸ்டன்டுகளில் ஒரு பிரிவினர் மிரண்டார்கள். எண்ணெய் முதலாளி லைமன் ஸ்டூவர்ட்டின் பண உதவியில் 1910 முதல் 1915 வரை கிறிஸ்தவத்தின் 'அடிப்படைகள்' பற்றிய கட்டுரைத் தொகுதிகளை அச்சிட்டு இலவசமாக அனுப்பினார்கள். 1920இல் ஒரு பாப்டிஸ்ட் இதழாசிரியர் அடிப்படைவாதி என்ற பெயரைப் பெருமையாகவே சூட்டினார்.

அப்புறம் 1925, டென்னசி மாநிலத்தின் டேட்டன் ஊர். பரிணாமம் கற்பிக்கக் கூடாது என்ற மாநிலச் சட்டத்தை மீறிக் கற்பித்ததாக ஆசிரியர் ஜான் ஸ்கோப்ஸ் மீது வழக்கு. அரசுத் தரப்பில் வாதாடிய வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனையே சாட்சியாக அழைத்த ஸ்கோப்ஸின் வழக்கறிஞர் கிளாரன்ஸ் டாரோ, பைபிள் சொல்லும் படைப்பின் ஆறு நாட்களும் 24 மணி நேர நாட்கள்தானா என்று துருவினார். அப்படி இருக்க வேண்டியதில்லை என்றார் பிரையன். எழுத்துக்கு எழுத்து உண்மை என்று வாதாட வந்தவர்களும் பொருள் விளக்கம்தான் சொல்ல வேண்டியிருந்தது! ஆனாலும் ஸ்கோப்ஸுக்கு 100 டாலர் அபராதம். மேல்முறையீட்டில் அது ரத்தானது. அந்தத் தடைச் சட்டம் மட்டும் 1967 வரை நீடித்தது.