கேள்வி – பதில்: எண்ணை மாற்றவில்லையே!

கேள்வி: உளவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். என் கருதுகோளுக்குத் தரவில் ஆதரவு கிடைக்கவில்லை. பாலினம், வயது, வருமானம் என்று பிரித்துப் பார்த்து, எங்கே பி மதிப்பு (விளைவே இல்லாதபோதும் இப்படியொரு முடிவு தற்செயலாக வரும் வாய்ப்பைக் காட்டும் எண்) 0.05-க்குக் கீழே வருகிறதோ அதை மட்டும் எழுதச் சொல்கிறார் நெறியாளர். ஓர் எண்ணையும் மாற்றவில்லையே, இதில் என்ன தவறு என்கிறார். அவர் சொல்வது சரிதானா? (பெயர் வேண்டாம்.)

பதில்: சரியல்ல. எண் மாறவில்லை, அதன் பொருள் மாறிவிடுகிறது. உண்மையில் எந்த விளைவும் இல்லாத இடத்தில் ஒரே ஒரு சோதனை செய்தால், தற்செயலாக அப்படியொரு முடிவு வர 5 சதவீத வாய்ப்பு உண்டு. ஒன்றையொன்று சாராத 20 சோதனைகள் செய்தால், ஒன்றிலாவது அது வரும் வாய்ப்பு 64 சதவீதம். மற்ற 19-ஐயும் மறைத்துவிட்டால், படிப்பவர் அதை ஒரே சோதனையின் முடிவாகவே எடுத்துக்கொள்வார்.

சிம்மன்ஸ், நெல்சன், சைமன்சன் ஆகிய ஆய்வாளர்கள் மூவர் இதை 2011-இல் ‘சைக்கலாஜிக்கல் சயின்ஸ்’ இதழில் வேண்டுமென்றே செய்து காட்டினார்கள். பீட்டில்ஸ் பாடல் ஒன்றைக் கேட்ட மாணவர்களின் வயது, வேறு இசை கேட்டவர்களின் வயதைவிட ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு குறைந்துவிட்டதாக முடிவு வந்தது. மனத்தளவில் அல்ல, பிறந்த தேதிப்படியே! ஆட்களைச் சேர்க்கச் சேர்க்க முடிவைப் பார்த்துக்கொண்டதும், கேட்டு வைத்திருந்த பல விவரங்களில் தந்தையின் வயதை மட்டும் கணக்கில் சேர்த்ததும் போன்ற உத்திகளே அந்த அபத்தத்துக்குப் போதுமானவையாக இருந்தன. தரவில் புனைவு எதுவும் இல்லை.

அவர்கள் எச்சரிப்பதற்காகச் செய்தார்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தின் உணவு நடத்தை ஆய்வாளர் பிரையன் வான்சிங்க், பீட்சா உணவகத்தில் எடுத்துக் கருதுகோள் பொய்த்துப்போன தரவை ஒரு வருகை ஆய்வாளரிடம் கொடுத்து, பல விதமாக அலசவைத்துக் கட்டுரைகள் எழுதவைத்ததை, 2016-இல் உழைப்புக்கு எடுத்துக்காட்டாகவே எழுதினார். அதைப் படித்தவர்கள் அவருடைய கட்டுரைகளைத் தோண்டத் தொடங்கினார்கள். 2018-இல் பல்கலைக்கழகம் ஆய்வு முறைகேடு நடந்ததாக அறிவித்தது. அவர் பதவி விலகினார். அவருடைய ஆய்வுகளை நம்பி அமெரிக்கப் பள்ளிகள் உணவுக்கூடங்களையே மாற்றியமைத்திருந்தன என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

பிரித்துப் பார்ப்பது குற்றமல்ல. எத்தனை விதமாகப் பிரித்தீர்கள் என்பதைச் சொல்லாமல் விடுவதே குற்றம். ஆதரவு கிடைக்கவில்லை என்பதை முதலில் எழுதுங்கள். பிறகு செய்த சோதனைகள் அனைத்தையும், முன்கூட்டித் திட்டமிடாதவை என்ற குறிப்போடு தனி இயலில் தாருங்கள். எல்லையைச் சோதனைகளின் எண்ணிக்கையால் வகுக்கும் போன்பெரோனி திருத்தப்படி 20 சோதனைகளுக்கு எல்லை 0.05 அல்ல, 0.0025. நெறியாளரை எதிர்த்துப் பேசுவது எளிதல்ல என்பதை அறிவேன். முழுப் பட்டியலையும் பின்னிணைப்பில் சேர்க்கட்டுமா என்று கேட்டுப் பாருங்கள். மறைக்க ஒன்றுமில்லை என்றால் அவர் மறுக்கமாட்டார்.

கேள்வி: ஆதரவு கிடைக்காத ஆய்வை எந்த இதழ் வெளியிடும்?

பதில்: தரவு எடுப்பதற்கு முன்பே ஆய்வுத் திட்டத்தை மட்டும் மதிப்பிட்டு, முடிவு எதுவானாலும் வெளியிடுவதாக ஒப்புக்கொள்ளும் முறை ‘கார்டெக்ஸ்’ இதழில் 2013-இல் தொடங்கியது. இன்று வேறு பல இதழ்களும் அதைப் பின்பற்றுகின்றன. தரவு எடுத்து முடித்தவருக்கு அது உதவாது. அடுத்த ஆய்வைத் தொடங்கும்முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.