கையால் மண் வனைகிறவர்கள் கேட்டவை

குயவர் சுற்றும் திருகை இல்லாமல், விரலாலும் பலகையாலும் மண்பாத்திரம் செய்யத் தொடங்கிய சிலரின் கேள்விகளும் பதில்களும்.

எங்கள் வயலில் எடுக்கும் மண் சரிவருமா? (தம்பலகாமம்)

பெரும்பாலும் சரிவரும். மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு ஓரடிக்குக் கீழே எடுங்கள். மேலே வேரும் சருகும்தான் இருக்கும். ஈரமண்ணைப் பென்சில் பருமனில் திரித்து விரலில் சுற்றிப் பாருங்கள். வெடிக்காமல் வளைந்தால் பசை போதும்.

பிறகு மண்ணை முழுவதும் காயவைத்து, உடைத்து, தண்ணீரில் போடுங்கள். காய்ந்த மண் விரைவாகக் கரையும். ஈரக்கட்டி நாட்கணக்கில் அப்படியே கிடக்கும். நுளம்புவலைத் துணியில் வடித்து, அடியில் படிந்ததும் மேல்நீரை இறுத்து, பழைய சீலையில் கட்டித் தொங்கவிடுங்கள். ரொட்டி மாப் பதம் வந்ததும் பிசையலாம்.

பாத்திரம் செய்யுமுன் ஒரு சிறு பட்டை செய்து, அதில் சரியாக 10 செ.மீ. கோடு கீறிக் காயவிடுங்கள். கோடு 9 செ.மீ.க்குக் கீழே சுருங்கினால் அந்த மண் தனியாக நிற்காது. மணலோ செங்கல் தூளோ சேர்க்க வேண்டும்.

அந்த மணலைக் கடற்கரையிலேயே அள்ளலாமா? (நிலாவெளி)

வேண்டாம். உப்பைக் கழுவிப் போக்கலாம், சிப்பித் துணுக்கைப் போக்க முடியாது. சூளைச் சூடு 800 பாகை செல்சியஸைத் தாண்டும்போது சிப்பி சுட்ட சுண்ணாம்பாகிவிடும். பாத்திரம் நன்றாகவே வெளியே வரும். சில நாட்களில் அந்தச் சுண்ணாம்பு காற்றின் ஈரத்தைக் குடித்து வீங்கி, மேற்பரப்பைப் பொட்டுப் பொட்டாகப் பெயர்க்கும். ஆற்றுமணல் நல்லது. அதைவிட நல்லது உடைந்த செங்கல் அல்லது பழைய சட்டியை இடித்து அரித்த தூள். ஐந்து பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு. வாங்கும் மணலில் சந்தேகம் இருந்தால் வினாகிரி சில துளி விடுங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது.

கைபிடி ஒட்டிய இடத்தில் விட்டுப்போகிறது, விளிம்பும் வெடிக்கிறது. (உப்புவெளி)

இரண்டுக்கும் காரணம் ஒன்றே: ஒரு பக்கம் காய்ந்து சுருங்க, மறுபக்கம் ஈரமாகவே இருப்பது. கோப்பை வாடி இறுகிய பின் புதுமண்ணில் கைபிடி வைத்தால் கைபிடிதான் அதிகம் சுருங்கும். கைபிடியையும் அதே அளவு வாடவிட்டு, இரு முகங்களையும் முள்ளுக்கரண்டியால் ஆழமாகக் கீறி, அதே மண்ணைக் குழைத்த குழம்பைத் தடவி அழுத்துங்கள். வெறும் தண்ணீர் தடவினால் ஒட்டாது.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் விளிம்பு மிக வேகமாகக் காய்ந்துவிடும். விளிம்பை மட்டும் பொலித்தீனால் மூடி, உடலைத் திறந்து வையுங்கள். அடிக்குக் கீழே பத்திரிகைத் தாள் போடுங்கள். பலகையில் ஒட்டிக்கொண்ட அடி சுருங்க வழியில்லாமல் நடுவில் பிளக்கும். சுவர் எங்கும் 6 முதல் 8 மி.மீ. இருக்கட்டும்.

சூளையில் வெடித்துவிட்டது. உள்ளே காற்றுக்குமிழ் இருந்ததாலா? (மூதூர்)

எல்லாரும் குமிழைத்தான் குற்றம் சொல்வார்கள். வெடிக்க வைப்பது நீராவி. நன்கு காய்ந்த பாத்திரத்தில் குமிழ் இருந்தாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஈரமான பாத்திரம் குமிழ் இல்லாமலும் வெடிக்கும்.

மாரியில், முக்கியமாகக் கார்த்திகை, மார்கழியில், நிழலில் வைத்த மண் முழுதாகக் காயாது. கன்னத்தில் வைத்துப் பாருங்கள்: குளிர்ந்தால் ஈரம் இருக்கிறது. சமையல் தராசு இன்னும் நம்பகமானது; அடுத்தடுத்த இரண்டு நாளும் ஒரே நிறை காட்ட வேண்டும். அதன்பிறகும் அடுப்பங்கரையில் சில மணிநேரம் சூடேற்றிவிட்டே சூளைக்குக் கொண்டுபோங்கள்.

மின்சூளையானால் மூடியைச் சற்றுத் திறந்து 80 முதல் 90 பாகையில் இரவு முழுக்க விடுங்கள். பிறகு மணிக்கு 60 பாகை வீதம் 600 வரை. அதற்கப்பால் வேகம் கூட்டலாம். 573 பாகையில் மண்ணிலுள்ள படிகக்கல் திடீரென விரியும், ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். அதனால் இறங்கும்போதும் அவசரம் கூடாது. முதற்சூட்டுக்கு 950 முதல் 1000 போதும். பொச்சும் விறகும் வைத்துத் திறந்தவெளியில் சுடுபவர்கள் முதலில் பாத்திரங்களைச் சுற்றித் தள்ளிச் சிறு நெருப்பு மூட்டி, இரண்டு மணிநேரம் கழித்தே மூடி எரிக்க வேண்டும்.

இப்படிச் சுட்ட கோப்பையில் தேநீர் குடிக்கலாமா? பெயின்ற் பூசினால் ஒழுகாதா? (கிண்ணியா)

மெருகு, அதாவது சூளையில் உருகிக் கண்ணாடிபோல் படியும் பூச்சு, பூசாத மண் கசியும், கறையும் பிடிக்கும். பெயின்ற் உணவுப் பாத்திரத்துக்கு ஆகாது. ஈயம் இல்லை என்று எழுதியுள்ள, உங்கள் மண்ணின் சூட்டளவுக்குப் பொருந்தும் மெருகை வாங்கி மீண்டும் சுட வேண்டும். காற்றில் காயும் களியில் கோப்பை செய்யவே வேண்டாம். தண்ணீர் பட்டால் கரைந்துவிடும்.

பழைய அஸ்பெஸ்டஸ் கூரைத்தகட்டை மண் காயவைக்கும் பலகையாக்கலாமா? (நகரம்)

கூடவே கூடாது. தகட்டை வெட்டும்போதும் உரசும்போதும் பறக்கும் நார் நுரையீரலைக் கெடுக்கும். மரப்பலகையில் துணி விரித்தால் போதும். காய்ந்த மண்ணின் தூசும் நுரையீரலுக்கு ஆகாதது. வேலைமேசையைத் துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள். பாத்திரத்தை உரசி வழுவழுப்பாக்குவதையும் ஈரப் பஞ்சாலேயே செய்யுங்கள்.