பீட்ரூட் வயலில் ஒரு கல் சாலை (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

செப்டம்பரில் அலுவலக வேலையாக இரண்டு வாரம் பாரிஸில் இருக்கப்போகிறேன். நடுவில் ஒரு சனி, ஞாயிறு சும்மா கிடைக்கிறது. பாரிஸ்–ரூபே சைக்கிள் பந்தயத்தை ஐந்தாறு வருடமாக விடாமல் பார்க்கிறவன் நான். ரோமானியர் காலத்துக் கல் சாலைகளை அப்படியே காப்பாற்றி வைத்திருக்கும் அந்தக் கிராமங்களில் ஒரு நாளாவது சைக்கிள் மிதிக்க ஆசை. அந்தக் கிராமங்கள் இருக்கும் வட பிரான்ஸின் பெவேல் பக்கம் போய்வந்ததாக நீங்கள் ஒரு கட்டுரையில் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். பாரிஸ் அலுவலக நண்பரிடம் சொன்னால், "பீட்ரூட்டையும் மழையையும் தவிர அங்கே என்ன இருக்கிறது, லுவார் பக்கம் போய் அரண்மனை பாருங்கள்" என்று சிரிக்கிறார். எனக்கு 46 வயது. வாரக்கடைசியில் ஐம்பது அறுபது கிலோமீட்டர் ஓட்டுவேன். போகலாமா?

கே., கோவை

அன்புள்ள கே.,

போகலாம். உங்கள் நண்பர் சொன்னதும் பொய் இல்லை. பெவேலில் பீட்ரூட்டும் மழையும்தான் இருக்கின்றன, பார்க்க வேண்டியதும் அதையேதான். அரண்மனை வேண்டுமென்றால் லுவாருக்கே போய்விடுங்கள், மனஸ்தாபம் இல்லை.

முதலில் ஒரு திருத்தம். அந்தச் சாலைகள் ரோமானியர் போட்டவை அல்ல. நீங்கள் மிதிக்கப்போகும் கற்களில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டில் பதித்தவை. பெவேல் மண் களிமண், மழை பெய்தால் தண்ணீர் இறங்காமல் தேங்கி நிற்கும். அறுவடைக் காலத்தில் பீட்ரூட் ஏற்றிய வண்டி அச்சு வரை புதைந்துவிடும். அதனால் கல்லை இறக்கிப் பாவினார்கள், அவ்வளவுதான். பெவேல் என்ற பெயரே தீவனம், மேய்ச்சல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். மாட்டுக்கும் வண்டிக்கும் ஆன ஊர். ராஜபாட்டை எல்லாம் கிடையாது.

"அப்படியே காப்பாற்றி" என்கிறீர்களே, அதுவும் சரியில்லை. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு ஊர் ஊராகத் தார் போட்டார்கள். தொலைக்காட்சியில் தங்கள் ஊர்ச் சாலையின் லட்சணம் தெரிகிறதே என்று வெட்கப்பட்டு, அவசரமாகத் தார் ஊற்றிய மேயர்கள் உண்டு. 1960களின் நடுவில் பந்தயத்துக்குக் கல் சாலையே போதவில்லை, அமைப்பாளர்கள் கிழக்கே சந்து சந்தாகத் தேடிப்போனார்கள். ஆரன்பேர்க் காட்டுக்குள் போகும் பாதையை அவர்களுக்குக் காட்டியவர் ஜான் ஸ்டாப்ளின்ஸ்கி, சைக்கிள் பந்தயத்தில் 1962இன் உலக சாம்பியன். அந்தக் காட்டுக்குக் கீழே இருக்கும் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர் அவர். 1968இல் அந்தப் பாதை பந்தயத்துக்குள் வந்தது. 1983இல் பந்தய ரசிகர்கள் சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். இன்றைக்கும் அவர்கள்தான், தோட்டக்கலைப் பள்ளி மாணவர்களையும் கூட்டிக்கொண்டு, பெயர்ந்த கல்லை எடுத்து மணல் பரப்பி மறுபடி பதிக்கிறார்கள். ஏழை ஊர்ச் சாலை என்று ஒளித்து வைக்கப்பட்டதைப் பந்தயம் பிடித்து நிறுத்தியது, இப்போது அதே ஊர்கள் அதைச் சொல்லிப் பெருமைப்படுகின்றன. எனக்கு இந்தக் கதை கோட்டை கொத்தளங்களைவிடப் பிடித்திருக்கிறது.

பந்தயமும் ஒரு வியாபாரத்தில் பிறந்ததுதான். ரூபே அப்போது நெசவாலை நகரம். இரண்டு நூற்பாலை முதலாளிகள் சைக்கிள் ஓட்ட வட்ட மைதானம் கட்டி, அதற்கு விளம்பரம் வேண்டும் என்று 1896இல் பாரிஸிலிருந்து பந்தயம் விட்டார்கள். "வடக்கின் நரகம்" என்ற பட்டத்தைக் கற்கள் வாங்கித் தரவில்லை. முதல் உலகப்போர் முடிந்து 1919இல் பாதை பார்க்கப் போன நிருபர்கள், மரமும் வீடும் இல்லாமல் குண்டுக்குழியாகக் கிடந்த நாட்டைப் பார்த்து எழுதியது அது. கல் பின்னால் வந்து அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது.

சரி, ஓட்டுவதற்கு வருவோம். நான் லில் நகரத்தில் சைக்கிள் வாடகைக்கு எடுத்தேன். கடைக்காரர் மெல்லிய டயர் போட்ட வண்டியைக் கொடுத்து "தாங்கும்" என்றார். தாங்கவில்லை. மோன்ஸ்-ஆன்-பெவேல் கிராமத்துக்குக் கீழே உள்ள கல் பாதை மூன்று கிலோமீட்டர் நீளம், அமைப்பாளர்கள் கஷ்டத்துக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்திருப்பது. அதில் நுழைந்து இருநூறு மீட்டருக்குள் தண்ணீர் பாட்டில் துள்ளிப் பீட்ரூட் வயலில் விழுந்தது, கொஞ்ச நேரத்தில் பின் டயர் பஞ்சர். ட்யூப் மாற்ற உட்கார்ந்தபோதுதான் கல்லைக் கல்லாகப் பார்த்தேன். ஒவ்வொன்றும் ஒரு சின்ன ரொட்டி அளவு, பத்துக் கிலோவுக்கு மேல் கனக்குமாம், மேல்முகம் தேய்ந்து வழவழவென்று யானை முதுகு மாதிரி, ஆனால் ஒன்றுக்கொன்று உயரம் ஒத்துப்போகாது. இடைவெளியில் புல்லும், மாட்டுச் சாணம் கலந்த களிமண்ணும். பக்கத்து வயலில் டிராக்டரில் இருந்த பெரியவர் இறங்கி வரவில்லை, பாதையின் நடுவைக் கையால் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

அவர் கையால் காட்டியதுதான் பாடம். சாலை நடுவில் முதுகுபோல் உயர்ந்திருக்கும், தண்ணீர் இரண்டு பக்கமும் ஓட வேண்டும் என்பதற்காக. சக்கரத்தடம் விழுந்த பள்ளத்தில் இறங்காமல் அந்த முதுகின் மேலேயே ஓட்டுங்கள். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காதீர்கள், மேல்பக்கம் லேசாக வைத்துக்கொண்டு வண்டி தானே ஆடட்டும் என்று விடுங்கள். கியர் கொஞ்சம் கனமாக இருக்கட்டும். வேகம் குறைந்தால் உலுக்கல் அதிகம், பயந்து மெதுவாகப் போனீர்களோ தொலைந்தீர்கள். 35 மில்லிமீட்டருக்குக் குறைந்த டயரை வாங்கவே வாங்காதீர்கள், காற்றையும் குறைத்துக்கொள்ளுங்கள். அன்று மதியம் எனக்கு ஸ்பூன் பிடிக்க விரல் மடங்கவில்லை, சூப்பைக் கிண்ணத்தோடு தூக்கிக் குடித்தேன்.

ஆரன்பேர்க்கை இந்த முறை விட்டுவிடுங்கள், அது பெவேலில் இல்லை, கிழக்கே தள்ளி இருக்கிறது. லில்லிலிருந்து ரயிலில் அரைமணிக்குள் தாம்ப்ளேவ். அங்கே பழைய கல் காற்றாலை ஒன்று வயல் நடுவே நிற்கிறது, அதன் பெயரிலேயே அரைக் கிலோமீட்டர் கல் பாதை. பழகிக்கொள்ள அது சரியான இடம். அப்புறம் சிஸ்வான் வழியாக கம்ஃபான், கடைசியில் கார்ஃபூர் த லார்ப்ர் என்ற கல் பாதை, அதுவும் ஐந்து நட்சத்திரம்தான். நடுநடுவே தார்ச்சாலை உண்டு, தலை வெட்டிய வில்லோ மரங்கள் வாய்க்கால் ஓரம் மொட்டை மொட்டையாக நிற்கும். மார்க் என்ற சிற்றாறு குறுக்கே வரும்.

அந்த ஆற்றங்கரையில் பூவின் என்று ஒரு குட்டி ஊர், தவறவிடாதீர்கள். 1214 ஜூலை 27ஆம் தேதி பிரெஞ்சு அரசர் இரண்டாம் பிலிப், ஜெர்மானியப் பேரரசர் ஓட்டோவின் கூட்டணியை இங்கே தோற்கடித்தார். அந்தக் கூட்டணியை நம்பியிருந்த இங்கிலாந்து அரசர் ஜானுக்கு அதோடு மரியாதை போய், அடுத்த வருடமே அரசரின் அதிகாரத்துக்கு எல்லை போட்ட மாக்னா கார்ட்டா சாசனத்தில் முத்திரை வைக்க வேண்டி வந்தது. ஊர் தேவாலயத்தில் 21 வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள், சண்டை முழுவதும் அதில் படமாக ஓடும். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு அரைமணி உட்காருங்கள், முதுகுக்கும் நல்லது.

ஓர்ஷியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நான் தமிழன் இல்லை. நம் ஃபில்டர் காபிப் பொடியில் கலக்கிறோமே சிக்கரி, அதற்குப் பெயர்போன ஊர். 1858 முதல் அங்கே சிக்கரி ஆலை இருக்கிறது, அருங்காட்சியகமும் உண்டு. நெப்போலியன் ஆங்கிலேய வணிகத்தைத் தடுத்ததில் காபிக்கொட்டையும் கரும்புச் சர்க்கரையும் வருவது தடைப்பட்டது. காபிக்குப் பதில் சிக்கரி வேரும், கரும்புக்குப் பதில் சர்க்கரை பீட்ரூட்டும் வந்தன. வேர் பார்க்க வெளுத்த முள்ளங்கி மாதிரி இருக்கும். நறுக்கிச் சூளையில் உலர்த்தி, வறுத்து, பொடிப்பார்கள். ஆக, நீங்கள் குலுங்கிக் குலுங்கிப் போகும் அந்த வயல்களில் ஒரு டம்ளர் காபிக்கான பாதிச் சாமான் விளைகிறது.

மாத இறுதி என்றால் பீட்ரூட் அறுவடை தொடங்கியிருக்கும். டிராக்டர் சக்கரம் சாலையில் அப்பிவிட்டுப் போகும் சேறு, ஈரக் கல்லின்மேல் எண்ணெய் மாதிரி வழுக்கும், எச்சரிக்கைப் பலகை வைத்திருப்பார்கள். மழை பெய்தால் கல் பாதையை நடந்து கடந்துவிட்டுத் தாரில் ஏறிக்கொள்ளுங்கள், யாரும் சிரிக்கமாட்டார்கள்.

நான் ஓர்ஷியில் அரைக்கிலோ சிக்கரிப் பொடி வாங்கி ஊருக்குக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தேன். டிகாஷன் போட்டு ஒரு வாய் குடித்துவிட்டு, "இதுக்கா கடல் தாண்டிப் போனே, தெருமுனைக் கடைப் பொடியே தேவலை" என்றார்.