33,33,360: ஒரு புள்ளியும் விடாமல்

பழைய வீடியோ கேம் மெஷின்களைப் பழுது பார்ப்பது பற்றிப் போன இதழில் ஒரு பதில் எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பேக்-மேன் பற்றியவை. அதனால் இந்த முறை டி.வி., மிக்ஸி, இன்வெர்ட்டர் கேள்விகள் காத்திருக்கட்டும். மனதுக்குப் பிடித்த விஷயம், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கேள்வி: அண்ணா, கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் 1990-களில் ஒரு வீடியோ கேம் கடை இருந்ததே, அங்கே நானும் பேக்-மேன் ஆடியிருக்கிறேன். அதில் முழு மதிப்பெண் என்று ஒன்று உண்டு, அது 33,33,360 என்கிறான் என் மகன். ஆடிக்கொண்டே போனால் ஏறிக்கொண்டே போகும் விளையாட்டுக்கு முழு மதிப்பெண் எப்படி வரும்?
(வாசகர், வேலந்தாவளம்)

பதில்: உங்கள் மகன் சொல்வது சரி, தம்பி. அந்தக் கடையில் மூன்று மெஷின் இருந்தது. நடுவில் இருந்ததுதான் பேக்-மேன், ஒரு ஆட்டத்துக்கு ஒரு ரூபாய் டோக்கன். மாதம் ஒரு முறையாவது அதைத் திறந்து சரி செய்தவன் நான்.

1980-ல் ஜப்பானின் நாம்கோ நிறுவனத்தில் டோரு இவாடானி உருவாக்கிய விளையாட்டு இது. துரத்தும் நாலு பேயிடம் சிக்காமல் பேக்-மேன் சந்து சந்தாக ஓடிப் புள்ளிகளைத் தின்ன வேண்டும், எல்லாம் தின்றால் ஒரு ஸ்டேஜ் முடியும். 255 ஸ்டேஜ் வரை ஒழுங்காக ஓடும். 256-வது ஸ்டேஜ் பாதி கெட்டுப்போய் வரும், அதை யாராலும் முடிக்க முடியாது. அங்கேயே ஆட்டம் நின்றுவிடுவதால் மொத்தத்தைக் கூட்டிப் பார்த்துவிடலாம். பேனா எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஸ்டேஜில் சின்னப் புள்ளி 240, ஒவ்வொன்றும் 10. பெரிய புள்ளி 4, ஒவ்வொன்றும் 50. ஆக 2,600. இதை 255-ஆல் பெருக்கினால் 6,63,000.

அடுத்தது பேய்கள். பெரிய புள்ளியைத் தின்றதும் நாலும் நீலமாகும், அப்போது மட்டும் பேக்-மேன் அவற்றைப் பிடிக்கலாம். முதல் பேய்க்கு 200, அடுத்தடுத்து 400, 800, 1,600. நாலையும் பிடித்தால் 3,000, நாலு பெரிய புள்ளிக்கும் சேர்த்து 12,000. ஆனால் 17-வது ஸ்டேஜிலும், 19-லிருந்து கடைசி வரையும் அவை நீலமாகவே ஆகாது. மிச்சமிருக்கும் 17 ஸ்டேஜில் கிடைப்பது 2,04,000.

பழம் ஒரு ஸ்டேஜுக்கு இரண்டு முறை வரும். 70 புள்ளி தின்றதும் ஒன்று, 170 தின்றதும் ஒன்று. முதல் ஸ்டேஜின் செர்ரிக்கு 100-தான். போகப் போக ஏறி 13-வது ஸ்டேஜிலிருந்து சாவி வர ஆரம்பிக்கும், ஒரு சாவிக்கு 5,000. முதல் 12 ஸ்டேஜின் பழங்கள் எல்லாம் சேர்ந்து 29,600 தருகின்றன. 13 முதல் 255 வரை 243 ஸ்டேஜில் சாவிகள் மட்டுமே 24,30,000 தருகின்றன.

இதுவரை 33,26,600. பாக்கி 6,760 அந்தக் கெட்டுப்போன கடைசி ஸ்டேஜில் இருக்கிறது, அதைக் கீழே சித்தூர் வாசகருக்குச் சொல்லியிருக்கிறேன்.

இந்தக் கணக்கை முதன்முதலில் போட்டுப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. மொத்த மதிப்பெண்ணில் ஏறக்குறைய முக்கால் பங்கு சாவியிலும் பழத்திலும் இருக்கிறது. நாமெல்லாம் அந்தக் கடையில் நின்று பேயைத் துரத்திக்கொண்டிருந்தோம். ஒரே ஒரு சாவியை விட்டால், ஒரு ஸ்டேஜின் அத்தனை புள்ளியும் சேர்ந்தாலும் அதை ஈடு கட்டாது. அதுவும் 9, 10 விநாடிதான் நிற்கும், அப்புறம் மறைந்துவிடும்.

கேள்வி: மாமா, பேய்கள் நாலும் இஷ்டத்துக்கு ஓடுகின்றன. அவற்றுக்கு எப்படி ஒரு வழியை மனப்பாடம் செய்ய முடியும்?
(பத்தாம் வகுப்பு மாணவி, கோபாலபுரம்)

பதில்: இஷ்டத்துக்கு ஓடவில்லை கண்ணு. பார்க்கத்தான் அப்படி. நாலுக்கும் நாலு புத்தி.

சிவப்புப் பேய் நீ இருக்கும் கட்டத்தைக் குறி வைத்து நேராக வரும். புள்ளி குறையக் குறைய அதற்கு வேகமும் கூடும். ரோஸ் பேய் நீ பார்க்கும் திசையில் நாலு கட்டம் முன்னால் போய் மறிக்கப் பார்க்கும். நீ மேல்பக்கம் பார்த்தால் மட்டும் புரோகிராமில் உள்ள ஒரு பிழையால் அதன் குறி நாலு கட்டம் மேலும் நாலு கட்டம் இடதுமாக விலகிவிடும். வெளிர்நீலப் பேய் உன்னையும் சிவப்பையும் சேர்த்துக் கணக்குப் போடும், நாலில் அதைப் புரிந்துகொள்வதுதான் கஷ்டம். ஆரஞ்சு தூரத்தில் இருக்கும்போது துரத்தும். எட்டு கட்டத்துக்குள் வந்துவிட்டால் இடது கீழ் மூலையைப் பார்த்துப் போகும். இவை போக, முதல் ஸ்டேஜில் 7 விநாடி நாலும் தத்தம் மூலைக்குப் போகும், பிறகு 20 விநாடி துரத்தும், மறுபடி மூலை. இப்படி மாறி மாறி.

இதில் எங்கும் அதிர்ஷ்டம் கிடையாது. நீலமாக ஓடும்போது மட்டும் குருட்டாம்போக்கில் திரும்பும், அந்தக் குருட்டாம்போக்கும் ஒவ்வொரு ஸ்டேஜ் தொடக்கத்திலும் அதே இடத்திலிருந்துதான் ஆரம்பிக்கும். ஆகவே நீ அதே வழியில், அதே நேரத்தில், ஒரு திருப்பம்கூடப் பிசகாமல் போனால் பேய்களும் நேற்று போன வழியிலேயே போகும். 

எனக்கு இதைப் புரியவைத்தது என் அம்மாவின் கோல நோட்டு. கட்டம் போட்ட கணக்கு நோட்டில் அம்மா புள்ளி வைத்து, சிக்குக் கோலத்தின் கோடு எங்கே ஆரம்பித்து எந்தப் புள்ளியைச் சுற்றி எங்கே வந்து சேர வேண்டும் என்று அம்புக்குறியோடு எழுதி வைத்திருப்பார். மார்கழியில் வாசலில் குனிந்தால் நோட்டைப் பார்க்க மாட்டார், கை தானாகப் போகும். நானும் அதே மாதிரி ஒரு நோட்டு வாங்கி பேக்-மேன் ஓடும் சந்துகளைக் கட்டம் கட்டமாக வரைந்து, ஸ்டேஜுக்கு ஒரு பக்கமாக எழுதினேன். 21-வது ஸ்டேஜுக்கு மேல் வேறு பக்கம் தேவையில்லை. அங்கிருந்து 255 வரை எல்லாம் ஒரே வேகம், ஒரே நடை, ஒரே வழி போதும். 13-லிருந்து எண்ணினால் 21-வது ஸ்டேஜின் சாவி ஒன்பதாவது, அதனால் அமெரிக்க ஆட்டக்காரர்கள் இந்த வழிக்கு 'ஒன்பதாம் சாவி' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

கஷ்டமெல்லாம் அதற்கு முன்னால். ஸ்டேஜ் 9, 12, 13, 15, 16, 18-ல் பேய்கள் ஒரே ஒரு விநாடிதான் நீலமாக இருக்கும். அந்த ஒரு விநாடியில் நாலையும் பிடிக்க வேண்டுமென்றால், பெரிய புள்ளிக்குப் பக்கத்தில் முன்னும் பின்னும் போய்வந்து, நாலும் ஒட்டி ஒட்டி ஒரு கொத்தாக வரும் வரை காத்திருந்து அப்புறம்தான் அதைத் தின்ன வேண்டும். முழு மதிப்பெண் கிடைக்குமா இல்லையா என்பது முதல் 18 ஸ்டேஜிலேயே தெரிந்துவிடும் என்பது என் கருத்து. அங்கே ஒரு பேய் தப்பினாலும் மெஷினை அணைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். போனில் வரும் விளையாட்டு இதே கணக்கில் ஓடும் என்று நம்பாதே. இந்த வழிகள் எல்லாம் அசல் போர்டுக்கு எழுதியவை.

கேள்வி: வழி தெரிந்தும் என் கை திருப்பத்தில் தாமதமாகிறது. விரல் வேகம் வர என்ன பயிற்சி?
(வாசகர், பொள்ளாச்சி)

பதில்: விரலைக் குறை சொல்லும் முன் கைப்பிடியைப் பாருங்கள். நம் பக்கத்துக் கடை மெஷினிலும் இதே புகார் இருந்தது. மேலே தள்ளினால் சில நேரம் திரும்பாது. கழற்றிப் பார்த்தால், சண்டை விளையாட்டுக்கு வைக்கும் எட்டுத் திசைக் கைப்பிடியை யாரோ மாட்டியிருந்தார்கள். பேக்-மேனுக்கு நாலு திசைதான். கை கொஞ்சம் கோணலாகப் போனால் இரண்டு சுவிட்ச் ஒன்றாக அழுந்தி மெஷின் குழம்பிவிடும். நான் ஒரு அலுமினியத் தகட்டில் கூட்டல் குறி மாதிரி வெட்டு போட்டு, கைப்பிடித் தண்டு அந்த நாலு வெட்டுக்குள் மட்டும் போகும்படி அடியில் முடுக்கிவிட்டேன். இடப்பக்க சுவிட்சின் பித்தளை நாக்கும் கறுத்துப் போயிருந்தது, மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன். மறுநாளே பையன்கள் நாலு ஸ்டேஜ் கூடுதலாகப் போனார்கள்.

அப்புறம், மூலைக்கு வந்து திருப்பாதீர்கள். சற்று முன்பே கைப்பிடியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டால் பேக்-மேன் மூலையை வெட்டிக்கொண்டு குறுக்கே திரும்பும். பேய்களால் அது முடியாது. ஒவ்வொரு மூலையிலும் கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளி கிடைக்கும். புள்ளி தின்னும்போது பேக்-மேன் வேகம் குறையும் என்பதால், துரத்தல் நெருங்கினால் ஏற்கெனவே தின்று காலியான சந்தில் ஓடுங்கள்.

கேள்வி: அண்ணா, இதற்கு ஆறு மணி நேரம் ஆகும் என்று என் பையன் சொல்கிறான். சோறு தண்ணீர் இல்லாமலா உட்காருவார்கள்?
(ஒரு தாய், நல்லேப்பிள்ளி)

பதில்: 1999 ஜூலை 3-ல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள ஃபன்ஸ்பாட் என்ற விளையாட்டுக் கூடத்தில் பில்லி மிட்செல் முழு மதிப்பெண் எடுத்தபோது ஏறக்குறைய ஆறு மணி நேரம்தான் ஆனது அம்மா. பிறகு வந்தவர்களில் சிலர் நாலு மணி நேரத்துக்கும் குறைவாகவே முடித்திருக்கிறார்கள். எழுந்து போகவும் வழி உண்டு. பேக்-மேன் புறப்படும் இடத்துக்குச் சற்று மேலே வலப்பக்கம் ஒரு இடம் இருக்கிறது. பேய்கள் பார்க்காத நேரத்தில் அங்கே போய் மேல்பக்கம் பார்த்து நின்றுவிட்டால், எவ்வளவு நேரமானாலும் அவை சுற்றிச் சுற்றிப் போகுமே தவிர அருகில் வராது. பையனை அந்த நேரத்தில் சாப்பிடக் கூப்பிடுங்கள், வருவான்.

கேள்வி: 256-வது ஸ்டேஜ் ஏன் கெட்டுப்போகிறது? அதில் போய் 6,760 எப்படிக் கிடைக்கும்?
(வாசகர், பாலக்காடு சித்தூர்)

பதில்: பழைய ஸ்கூட்டர் மீட்டர் 99999-க்குப் பிறகு 00000 ஆகுமல்லவா, அதேதான். ஸ்டேஜ் எண்ணை வைக்க மெஷினில் எட்டு பிட் இடம், 0 முதல் 255 வரைதான் கொள்ளும். திரையின் கீழே எத்தனை பழம் வரைய வேண்டும் என்று பார்க்க அந்த எண்ணோடு ஒன்று கூட்டும்போது அது பூஜ்யமாகிவிடுகிறது. மெஷின் ஏழு பழத்துக்குப் பதில் 256 பழம் வரையப் போய், வலது பாதியில் எழுத்தும் எண்ணும் நிறமுமாகக் கொட்டிவிடுகிறது.

இடது பாதி நன்றாக இருக்கும். அங்கே 112 சின்னப் புள்ளி, 2 பெரிய புள்ளி, ஆக 1,220. 70 புள்ளி தின்றதும் ஒரு சாவி, 5,000. வலது பக்கக் குப்பைக்குள் 9 புள்ளி ஒளிந்திருக்கும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, இடத்தை மனப்பாடமாகத்தான் போக வேண்டும். ஒன்பதும் சேர்ந்து 90 மதிப்பெண். இந்த ஒன்பது புள்ளி மட்டும், பேயிடம் பிடிபட்டு ஒரு லைஃப் போய் அடுத்தது வரும்போது மறுபடி முளைக்கும்!

மெஷினுக்குள் இருக்கும் சின்ன சுவிட்சுகளில் லைஃப் எண்ணிக்கையை 5 என்று வைக்கலாம். 10,000 மதிப்பெண்ணில் ஒன்று இனாமாக வரும், ஒழுங்காக ஆடினால் முதல் ஸ்டேஜிலேயே வந்துவிடும். ஆக மொத்தம் 6. ஆறு முறை 90 என்றால் 540. கூட்டுங்கள்: 1,220, 5,000, 540. மொத்தம் 6,760.

அதாவது 255 ஸ்டேஜ் தாண்டும் வரை ஒரு லைஃபைக்கூட இழக்காமல் ஆறையும் பத்திரமாகக் கொண்டுவந்து, இங்கே ஒன்பது ஒன்பது புள்ளிக்காக ஒவ்வொன்றாகக் கொடுக்க வேண்டும். வழியில் போகும் ஒரு லைஃபின் விலை 90 மதிப்பெண். இந்த விளையாட்டில் என்னை மிகவும் கட்டிப்போட்ட இடம் இதுதான்.

கேள்வி: இவ்வளவு சொல்கிறீர்களே, நீங்கள் எடுத்தீர்களா?
(மேலே உள்ள அதே வாசகர்)

பதில்: இன்னும் இல்லை. கடையை மூடியபோது அந்த மெஷினை நான் வாங்கிக்கொண்டேன், என் பட்டறையில் இருக்கிறது. ஒரு ஆடி மாதம் 212-வது ஸ்டேஜ் வரை ஒரு குறையும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தேன். கணவாய்க் காற்றில் பனை மட்டை ஒன்று கம்பியில் விழுந்து தெருவே இருண்டது. அன்று அந்த இருட்டில் கைப்பிடியைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அடுத்த வாரமே மெஷினுக்குத் தனியாக ஒரு இன்வெர்ட்டர் போட்டேன்.

ஒரே ஒரு முறை 256-ஐப் பார்த்திருக்கிறேன். திரையில் ஆறு இலக்கம்தான் தெரியும் என்பதால் ஒவ்வொரு பத்து லட்சத்துக்கும் மதிப்பெண் பூஜ்யத்துக்குப் போய்விடும். கடைசியில் நின்ற எண் 314180. மூன்று முறை சுற்றியிருந்ததால் அது 33,14,180.

குறைந்த 19,180 எங்கே போனது என்று நோட்டில் எழுதியிருக்கிறேன். 13-வது ஸ்டேஜில் ஒரு பேய் தப்பியது, 1,600. 16-ல் இரண்டு, 2,400. சாவி மூன்று, 15,000. லைஃப் இரண்டு, 180. முதல் பேய் தப்பியதுமே அணைத்திருக்க வேண்டும், ஆனால் அந்தக் கடைசித் திரையை ஒரு முறையாவது கண்ணால் பார்க்க வேண்டும் என்று தொடர்ந்து ஆடினேன். சாவிகளில் இரண்டு போனது என் கவனக்குறைவால். மூன்றாவது, 88-வது ஸ்டேஜில், யாரோ ரேடியோவைச் சரி செய்ய வந்து கதவைத் தட்டியபோது போனது. அதனால் இப்போது சனிக்கிழமை விடியற்காலை நாலு மணிக்கு உட்காருகிறேன்.

வேலந்தாவளம் தம்பி, காய்கறிச் சந்தைக்கு வண்டி ஏறும் நேரம்தானே அது, நீங்களும் விழித்திருப்பீர்கள். ஒரு நாள் மகனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். கட்டம் போட்ட நோட்டு ஒன்று கொண்டுவரச் சொல்லுங்கள்.