கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஓர் அட்டை

அக்கா, போன சனிக்கிழமை நீங்கள் ஹட்டனுக்கு வந்து என் மேசையில் வைத்த உங்கள் மகனின் கணிதக் கொப்பியை நான் இன்னும் திருப்பித் தரவில்லை. வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறேன். "முன்னுக்குக் கணக்கு, பின்னுக்குப் பூரா கார்ட்டூன். இதுல பொழைக்க முடியுமா சேர்?" என்று கேட்டீர்கள். அன்று வெளியே இன்னும் நாலு பேர் காத்திருந்ததால் அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். மீதியை இப்போது எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கடைசிப் பக்கம். மகன் நாலு கட்டம் போட்டிருக்கிறான். முதல் கட்டத்தில் மழையில் தேயிலைக் கொழுந்து எடுக்கும் ஓர் அம்மா, காலடியில் இரத்தம் உறிஞ்சும் ஓர் அட்டை. இரண்டாவதில் அட்டை காலில் ஏறுகிறது. மூன்றாவதில் அது நிமிர்ந்து அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்கிறது; அந்தக் கட்டத்தில் ஒரு வசனமும் இல்லை. நாலாவதில் அட்டை கீழே இறங்கிப் போய், பக்கத்து அட்டையிடம் சொல்கிறது: "இங்க ஏற்கனவே உறிஞ்சிட்டாங்க. வா, வேற மலைக்குப் போவோம்."

வாய்விட்டுச் சிரித்தேன். அப்புறம் வெகுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மாவின் ஒரு கையில் ஆறு விரல் இருக்கிறது. கூடை தோளுக்கு மேலே மிதக்கிறது. அதெல்லாம் பழகினால் சரியாகிவிடும். ஆனால் மூன்றாவது கட்டத்தில் பேசாமல் இருக்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. படம் அழகாக வரையும் பிள்ளைகள் எங்கள் பள்ளிக்கூடங்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நாலு கட்டத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லி முடிக்கத் தெரிந்த பிள்ளையை நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன்.

சரி, பிழைப்புக்கு வருவோம். பத்திரிகையில் கார்ட்டூனிஸ்ட் வேலை என்பது நாடு முழுக்க எண்ணிப் பார்க்கக்கூடிய சில இடங்கள்தான். அதை மட்டும் நம்பி அவனை அனுப்பச் சொல்லமாட்டேன். ஆனால் படத்தில் கதை சொல்லத் தெரிந்தவனுக்கு வேறு வேலைகள் இருக்கின்றன. பாடநூல்களுக்கும் சிறுவர் புத்தகங்களுக்கும் படம் வேண்டும். விளம்பர நிறுவனங்களும் அனிமேஷன் செய்பவர்களும் படம் எடுக்கும் முன் காட்சிகளைக் கட்டம் கட்டமாக வரைந்து பார்க்கிறார்கள். அதுவே ஒரு தனித் தொழில். டெங்கு, போஷாக்கு என்று தோட்டங்களுக்கு வரும் கையேடுகளில் எங்கள் ஆட்களைப் போலவே இல்லாத முகங்களை எத்தனை தடவை பார்த்திருக்கிறீர்கள்? அதை அவன் சரியாக வரைவான்.

நம் நாட்டுச் சிவஞானசுந்தரம் என்ற சுந்தரைப் பற்றி அவனுக்குச் சொல்லுங்கள். கட்டடக்கலை படிக்கப் பம்பாய்க்குப் போனவர், கார்ட்டூனிஸ்டாகத் திரும்பி வந்தார். 1960களில் 'சிரித்திரன்' என்ற நகைச்சுவை இதழைத் தொடங்கி, சவாரித் தம்பர் போன்ற பாத்திரங்களை வீட்டு ஆட்கள் மாதிரி ஆக்கினார். இதழின் வாசகம் "செய்தொழில் தெய்வம், சிரிப்பே சீவியம்". சிரிப்பை அவர் தொழிலாகவே எடுத்துக்கொண்டார் என்பதை மகன் கவனிக்க வேண்டும். இந்தியாவின் புகழ்பெற்ற கார்ட்டூனிஸ்ட் ஆர்.கே. லக்ஷ்மண் விண்ணப்பித்தபோது பம்பாய் ஜே.ஜே. ஓவியக் கல்லூரி திறமை போதாது என்று இடம் கொடுக்கவில்லை. அவர் மைசூரில் பி.ஏ. படித்துக்கொண்டே வரைந்தார். படிப்பையும் விடவில்லை, வரைவதையும் விடவில்லை. நான் சொல்வதும் அதைத்தான்.

அவன் இப்போது தரம் 10. சித்திரம் எடுத்திருக்கிறான், நல்லது. ஆனால் ஓ.எல். என்ற சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் தவறினால் பல வேலைகளுக்கும் பயிற்சிகளுக்கும் விண்ணப்பமே போட முடியாது. அதனால் கணக்கு முடித்த பிறகு கார்ட்டூன். ஆனால் கார்ட்டூனுக்கென்று தனிக் கொப்பி ஒன்று வாங்கிக் கொடுங்கள். உயர்தரத்தில் கலைப்பிரிவில் சித்திரம் எடுக்கலாம். தமிழில் தொடர்ந்து படிக்க மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது; யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்திரமும் வடிவமைப்பும் இருக்கிறது. மொறட்டுவையில் வடிவமைப்புப் பட்டம் ஆங்கிலத்தில் நடக்கிறது. இவற்றுக்கு உயர்தரப் பெறுபேற்றில் வரும் இசட் புள்ளி மட்டும் போதாது, தனியாகத் திறன் பரீட்சையும் உண்டு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அந்த வருடக் கைநூலைப் பார்த்துத்தான் விண்ணப்பிக்க வேண்டும். பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டால் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழோடு கிராஃபிக் டிசைன் படிக்கலாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். லட்சக்கணக்கில் காசு கேட்கும் அனிமேஷன் வகுப்பு எதற்கும், அது மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவானதா என்று பார்க்காமல் ஒரு ரூபாய் கட்டாதீர்கள். நகையை அடகு வைத்து டேப்லெட் வாங்கவும் வேண்டாம். HB பென்சில், கறுப்புப் பேனா, A4 தாள், இப்போதைக்கு இவ்வளவும் போதும்.

அவனுக்கு ஒரு வேலை தருகிறேன். இரண்டு A4 தாளை ஒன்றாக வைத்து நடுவில் மடித்தால் எட்டுப் பக்கச் சின்னப் புத்தகம் வரும். அதில் ஒரு கதையைத் தொடங்கி முடிக்கட்டும். ஜப்பான் காமிக்ஸைப் பார்த்து முள்முடிப் பையன்களை நூறு வரைந்து பாதியில் விட்டிருக்கிறான். அதைவிட முடிந்த எட்டுப் பக்கம் பெரிது. லயத்தில் எல்லோரும் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் நடக்கும் சண்டையே போதும் அவனுக்கு. வசனத்தை வரைவதற்கு முன்பே எழுதி வாய்விட்டுப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள், நீண்டால் வெட்டட்டும். டவுன் நூலகத்தில் அவனைச் சேர்த்துவிடுங்கள். வாசிக்காதவனின் பேச்சுக்குமிழி சீக்கிரம் வற்றிவிடும்.

மூத்தவன் ஓ.எல். எழுதிய கையோடு கொழும்புக் கடைக்குப் போனதைச் சொல்லும்போது உங்கள் குரல் மாறியது. இவனும் அப்படிப் போய்விடுவானோ என்ற பயத்தில்தான் அன்று ஒரு பக்கத்தைக் கிழித்தீர்கள் என்று எனக்குப் புரிகிறது.

வருகிற சனிக்கிழமை அவனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். கொப்பியை அவன் கையிலேயே கொடுக்கிறேன். கிழித்த பக்கம் அடுப்புக்குப் போகாமல் இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள், அக்கா. அதில் என்ன வரைந்திருந்தான் என்று பார்க்க வேண்டும்.