பனிக்கரடி வேலைக்குப் போக விரும்பும் மகள்: கனடாவின் ஸ்காபரோ தாய் ஒருவருக்குப் பதில்

வணக்கம் அம்மா. 11ஆம் வகுப்புப் படிக்கும் மகள் மிருகக்காட்சிச்சாலையில் பனிக்கரடிகளைக் காப்பாற்றும் வேலைக்குத்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள் என்றும், "இவ்வளவு படிச்சுக் கடைசியில கூடு கழுவுற வேலையா?" என்று பயமாக இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். பயம் நியாயமானது. ஆனால் அந்த வேலை உண்மையில் என்ன என்று இரண்டு பேரும் தெரிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது.

மிருகக்காட்சிச்சாலைகள் குட்டிகளைப் பெருக்கி ஆர்க்டிக்கில் கொண்டுபோய் விடுவதில்லை. குட்டி ஏறக்குறைய இரண்டரை வருடம் தாயோடு திரிந்துதான் சீல் பிடிக்கப் பழகுகிறது. அதைக் கூட்டுக்குள் படிப்பிக்க முடியாது. பழக்கினாலும் நின்று வேட்டையாடக் கடற்பனி வேண்டுமே! கனடாவின் மேற்கு ஹட்சன் விரிகுடாவில் 1987இல் ஏறத்தாழ 1,200 கரடிகள் இருந்தன. 2021 கணக்கெடுப்பில் 618. பனி முந்தி உருகிப் பிந்தி உறைவதால், 1980களைவிட மூன்று நான்கு கிழமை கூடுதலாக அவை கரையில் பட்டினி கிடக்கின்றன. கரையில் ஒரு கரடி நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு கிலோ எடை இழக்கிறது. கரியமில வாயு குறையாமல் இது மாறாது. வினிப்பெக்கில் உள்ள அசினிபொயின் பார்க் மிருகக்காட்சிச்சாலை அந்த விரிகுடாக் கரையில் உள்ள சர்ச்சில் பகுதியில் தாயை இழந்த குட்டிகளை எடுத்து வளர்க்கிறது. அவையும் காட்டுக்குத் திரும்புவதில்லை.

அப்படியென்றால் கூட்டில் வளரும் கரடிகளால் என்ன பயன்? காட்டுக் கரடியிடம் கேட்க முடியாத கேள்விகளை இங்கே உள்ள கரடியிடம் கேட்கலாம். பனியில் ஒரு கரடியின் இரத்தம் எடுக்க ஹெலிகாப்டரில் போய் மயக்க ஊசி சுட வேண்டும். அதே கரடியிடம் கிழமைக்குக் கிழமை எடுப்பது நடக்காத காரியம். அமெரிக்காவின் போர்ட்லண்டில் உள்ள ஒரிகன் மிருகக்காட்சிச்சாலையில் டாசுல் என்ற பெண் கரடி, மயக்க மருந்தே இல்லாமல் பாதத்தை நீட்டி இரத்தம் கொடுக்கப் பழகியிருந்தது. இப்படிப் பழக்குவது படிப்படியான வேலை: கம்பித் துவாரத்துக்கு வந்தால் ஒரு துண்டு இறைச்சி, பாதத்தை வைத்தால் ஒன்று, அசையாமல் வைத்திருந்தால் ஒன்று, பிறகு பஞ்சால் தொடுவது, மொட்டை முனையால் அழுத்துவது, கடைசியில்தான் ஊசி. அவசரப்பட்டு ஒரு படியைத் தாண்டி, ஊசி நோகக் குத்திவிட்டால், கரடி துவாரத்துப் பக்கமே வராது. திரும்ப முதல் படியிலிருந்துதான். பொறுமையில்லாதவர்களுக்கு இந்த வேலை சரிவராது.

டாசுலின் கழுத்தில் அசைவுமானிப் பட்டியும் மாட்டினார்கள். நடக்கும்போது, நீந்தும்போது, படுத்திருக்கும்போது பட்டி பதியும் சமிக்ஞைகளை வீடியோவோடு ஒப்பிட்டுப் பார்த்தபிறகுதான், கண்ணுக்கே தெரியாத தூரத்தில் திரியும் காட்டுக் கரடியின் பட்டி என்ன சொல்கிறது என்று வாசிக்க முடிந்தது. அலாஸ்காவுக்கு வடக்கே உள்ள போஃபோர்ட் கடலில் ஒன்பது பெண் கரடிகளில் நடந்த ஆய்வு 2018இல் வெளிவந்தது: முன்பு கணித்ததைவிட 1.6 மடங்கு சக்தி அவற்றுக்குச் செலவாகிறது.

கழிவு சேர்ப்பதும் இதே மாதிரித்தான். எந்தக் கரடியின் கழிவு என்று தெரிய, உணவில் தீங்கில்லாத மினுக்குத் தூளையோ வண்ணத்தையோ கலப்பார்கள். பிறகு ஹோர்மோன் அளப்பார்கள். இங்கே ஒரு சிக்கல் உண்டு: பனிக்கரடிக்குப் பொய்க் கர்ப்பம் வரும், கர்ப்பகால ஹோர்மோனான புரொஜெஸ்டரோன் உண்மைக் கர்ப்பத்தைப் போலவே ஏறும். அந்த ஓர் அளவை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். ஆக, நீங்கள் சொன்ன கூடு கழுவும் வேலை ஆய்வுகூடத்தின் முதல் படியும்கூட.

இனி வழிகள். பராமரிப்பாளராகப் போனால் படிப்புக்காலம் குறைவு. ஆனால் தொடக்கத்தில் தற்காலிக, பருவகால வேலைகள்தான் கூடுதலாகக் கிடைக்கும், நிரந்தர இடத்துக்குக் காத்திருக்க வேண்டும். மிருக வைத்தியர் என்றால் குவெல்ப்பில் உள்ள ஒன்ராறியோ மிருக வைத்தியக் கல்லூரி: குறைந்தது இரண்டு வருடப் பல்கலைக்கழகப் படிப்புக்குப் பிறகு நான்கு வருடம். காட்டு விலங்குச் சிறப்புப் பயிற்சி அதற்கு மேல் மூன்று நான்கு வருடம் எடுக்கும். செலவையும் நேரத்தையும் இப்போதே கணக்குப் பாருங்கள்.

மூன்றாவது வழி ஆய்வு. அது உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் பேட்டர் மொல்நார் தலைமையில் 2020இல் வந்த ஆய்வு, கரடி எத்தனை நாள் பட்டினி தாங்கும் என்பதிலிருந்து எந்தப் பகுதியில் எப்போது குட்டிகள் உயிர்தப்ப முடியாமல் போகும் என்று கணித்தது. அது முழுக்க முழுக்கக் கணிதம். ரொறன்ரோ மிருகக்காட்சிச்சாலையும் ஸ்காபரோவில்தான். அங்கே பனிக்கரடிகளும் உண்டு, இனப்பெருக்க ஆய்வும் நடக்கிறது. இந்த வழியைத்தான் பரிந்துரைக்கிறேன். பனிக்கரடி வேலை கிடைக்காவிட்டாலும் ஹோர்மோன் பரிசோதனையும் புள்ளிவிபரவியலும் தெரிந்த பிள்ளைக்கு மீன்வளம், சுற்றாடல், பொதுச் சுகாதாரம் என்று வேறு கதவுகள் திறக்கும். "பனிக்கரடி மட்டும்" என்று குறுக்கிவிடாதீர்கள்.

12ஆம் வகுப்பில் உயிரியல், இரசாயனவியலோடு அட்வான்ஸ்ட் ஃபங்ஷன்ஸ், கல்குலஸ் என்ற கணிதப் பாடங்கள் இரண்டையும் எடுக்கச் சொல்லுங்கள். விலங்கு ஆசையில் வரும் பிள்ளைகள் பலர் கணிதத்தைக் கைவிடுவதுதான் பெரிய பிழை. நேரம் இருந்தால் புள்ளிவிபரம் படிப்பிக்கும் டேட்டா மனேஜ்மென்டும் எடுக்கட்டும். உயர்பள்ளிச் சான்றிதழுக்குக் கட்டாயமான 40 மணித்தியாலத் தொண்டர் வேலையை விலங்குக் காப்பகம் போன்ற இலாபநோக்கற்ற இடத்தில் செய்யலாம். தனியார் மிருக வைத்திய நிலையத்தில் செய்தது அந்தக் கணக்கில் சேராமல் போகலாம். ஆனால் மிருக வைத்தியக் கல்லூரி விண்ணப்பத்துக்கு அந்த அனுபவம் உதவும், அதைத் தனியாகச் செய்யட்டும். தொடங்க முன் பள்ளி வழிகாட்டல் ஆசிரியரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள்.